அறுபத்திரண்டு காலிக் கட்டங்கள்

துறையில் அவனுக்கு ‘ரெண்டு தடவை’ என்று பெயர். ஆராய்ச்சி மாணவர்கள் உட்காரும் அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்குவான். கடைசிப் படிக்கு வந்ததும் முகம் ஒரு மாதிரியாகும். மறுபடி மூன்று மாடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேருந்துக்குப் போவான். மின்னஞ்சலை அனுப்பிய பிறகும் உட்கார்ந்து படிப்பான். விண்ணப்பத்தில் தன் பிறந்த தேதியை எழுதுவதற்குக்கூடச் சான்றிதழைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வான். அப்பேர்ப்பட்டவன் கையால் நடந்த தவறு என்பதால்தான் இது சொல்லத் தகுந்த கதையாகிறது.

அவன் பயந்த பிள்ளை. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அப்பா கிணற்று மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். அம்மா பிறர் நிலத்தில் களை எடுப்பவள். அவர்கள் வம்சத்தில் அவனுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. அப்படி முதன்முதலாகப் படிக்க வருகிறவனுக்கென்று தனியாக ஒரு பயம் உண்டு. தான் உள்ளே வந்ததே யாரோ செய்த கைப்பிசகு, என்றைக்காவது ஒரு குமாஸ்தா கோப்பைத் திறந்து, “தம்பி, நீ இல்லப்பா, வேற ஒருத்தன்” என்று சொல்லிவிடுவார் என்கிற பயம். அந்தப் பயத்தோடுதான் அவன் பட்டம் வாங்கினான், மேற்பட்டம் வாங்கினான், நோய்ப்பரவியலில் முனைவர் பட்டத்துக்கும் சேர்ந்தான். மாவட்டத்திலேயே அந்தப் படிப்புக்குப் போனவர்கள் கை விரலுக்குள் அடங்குவார்கள். பயந்துகொண்டே போனாலும் போனது போனதுதானே.

என்ன படிப்பு என்று வீட்டில் எவருக்கும் விளங்கவில்லை. அத்தை ஒருமுறை முட்டிவலிக்கு மாத்திரை கேட்டுப் போன் போட்டாள்.

“அத்தை, நான் ஊசி போடுற டாக்டர் இல்ல.”

“பின்ன என்ன டாக்டர்?”

“ஒரு ஊருல எத்தனை பேருக்கு முட்டி வலிக்குது, யாருக்கு வலிக்குது, ஏன் வலிக்குதுன்னு எண்ணுற டாக்டர்.”

“எண்ணிட்டு?”

“எழுதுவேன்.”

“நீ எழுதினா என் முட்டி சரியாயிடுமா?”

“உங்க முட்டி சரியாகாது அத்தை. அடுத்தவங்களுக்கு வராம இருக்கும்.”

“நல்லா இருக்குடா உன் வைத்தியம்,” என்று அத்தை வைத்துவிட்டாள்.

அவன் எண்ண எடுத்துக்கொண்டது கல் உடைக்கும் கிரஷர் ஆட்களின் நுரையீரலை. மொத்தம் அறுநூற்று நாற்பது பேர். முந்நூற்றுப் பத்துப் பேர் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள், இயந்திரத்தின் வாயோரம் வேலை செய்பவர்கள். மீதி முந்நூற்று முப்பது பேர் திறந்த வெளியில் ஜல்லி அள்ளுபவர்கள். எல்லோரையும் ஒரு கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தைக் குறிப்பது. ஓராண்டு கழித்து அதே ஆளை மறுபடி ஊதச் சொல்வது. யாருக்கு மூச்சு குறைந்திருக்கிறது, ஷெட்டுக்குள் இருப்பவருக்கா வெளியில் இருப்பவருக்கா? கேள்வி அவ்வளவுதான். அதற்கு ஐந்து வருஷம் போயிற்று.

விடையும் வந்தது. ஷெட்டுக்குள் நூற்றுக்குப் பத்துப் பேர், வெளியில் நூற்றுக்கு ஒன்பது பேர். பெரிய வித்தியாசம் இல்லை. தீசிஸை எழுதிக் கொடுத்தாகிவிட்டது, தேர்வாளர்கள் படித்துச் சரி என்று அனுப்பிவிட்டார்கள். ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு மேடம் அதன் சுருக்கத்தைத் தொழிலாளர் நல அலுவலகத்துக்குக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். அதை வைத்துத்தான் ஷெட்டுகளில் தூசி உறிஞ்சும் இயந்திரம் கட்டாயமா இல்லையா என்று அவர்கள் முடிவெடுக்கப்போகிறார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு எட்டே நாள். அதை முடித்தால் அவன் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’.

எட்டு நாள் இருக்கிற அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், வைவாவில் காட்டுவதற்காக ஒரு படிவத்தைப் படம் எடுக்க நினைத்தான். இரும்பு பீரோவைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட கட்டுகளில் ஒன்றை உருவினான். கையெழுத்து அழகாக இருக்கட்டும் என்று இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணை எடுத்தான். கடைசிப் பக்கத்தில் ‘ஓராண்டுக்குப் பின் மூச்சுப் பரிசோதனை’ என்ற கட்டம் காலியாக இருந்தது.

கணினியில் அதே எண்ணைத் தேடினான். காலிக் கட்டத்துக்கு நேராகச் சுழியம் இருந்தது. மூச்சு குறைந்திருந்தால் ஒன்று, குறையாவிட்டால் சுழியம்; அவன் கணக்கில் சுழியம் என்றால் நோய் இல்லை.

தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று அடுத்த கட்டைப் பிரித்தான். இருநூற்றுப் பத்தொன்பது: காலி. கணினியில் சுழியம். இருநூற்று நாற்பத்தொன்று: காலி, சுழியம். கை ஈரமாகிக் காகிதத்தில் விரல்தடம் விழுந்தது. சாப்பாட்டு மணி அடிக்கும்போது அவனைச் சுற்றித் தரையெல்லாம் படிவங்கள். அறுபத்திரண்டு காலிக் கட்டங்கள். அறுபத்திரண்டு சுழியங்கள்.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு அவனே எழுதிய ஒரு கட்டளை வரி. படிவத்தில் ‘ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்’ என்று ஒரு கேள்வி உண்டு. புகைக்காதவர்களுக்கு அதைக் காலியாக விட்டிருந்தார்கள். காலியாக இருந்தால் கணினி அந்த ஆளையே கணக்கிலிருந்து தள்ளிவிடும். ஆகவே, காலியாக இருக்கும் இடத்தில் சுழியம் போடு என்று கணினிக்குச் சொன்னான். சிகரெட் கட்டத்துக்கு மட்டும் சொன்னதாக நினைத்தான். சொன்னதென்னவோ எல்லாக் கட்டத்துக்கும். அதையும் இரண்டு தடவை சரிபார்த்தான். இரண்டு தடவையும் சிகரெட் கட்டத்தைத்தான் பார்த்தான்.

கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றான். ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்தான். மறுபடி போனான்.

அறையில் எட்டு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் ஒருவர் உண்டு. எல்லோரும் அவரை ‘நிரந்தரம்’ என்பார்கள், அவரும் என்ன என்று கேட்பார். அவர்தான் முதலில் பார்த்தார்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?”

சொன்னான். நிரந்தரம் கையிலிருந்த டீயை மேஜையில் வைத்தார்.

“எத்தனை?”

“அறுபத்திரண்டுண்ணே.”

“பத்துல ஒண்ணுகூட முழுசா இல்ல. விட்டுத் தள்ளு.”

“அவங்கெல்லாம் ஏன் ரெண்டாவது தடவை ஊதலைன்னு தெரியலையேண்ணே. வேலைய விட்டுப் போயிருப்பாங்க. ஏன் விட்டாங்க? மூச்சு முடியாமத்தான் விட்டாங்கன்னா? நான் அவங்களைப் போய் நல்லா இருக்காங்கன்னு...”

“இருந்தா இருக்கட்டும். டேய், யாருடா பீரோவத் திறந்து அறுநூத்தி நாப்பது ஃபாரம் பாக்கப்போறா? வெளியூர் எக்ஸாமினருக்கு நாலு மணிக்கு ரயிலு. அவரு கண்ணு பூரா கடிகாரத்துலதான் இருக்கும்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க.”

“பூசணிக்காயெல்லாம் இல்ல. இது மிளகு. சோத்துக்குள்ள மிளகு கிடந்தா யாருக்குத் தெரியும்?”

“கடிச்சாத் தெரியும்ணே.”

நிரந்தரம் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “இங்க பாரு. இப்ப வாயத் திறந்தா தீசிஸைத் திருப்பி வாங்கணும். மறுபடி கணக்கு, மறுபடி எழுத்து, மறுபடி எக்ஸாமினரு. ஒரு வருஷமும் ஆகும், மூணு வருஷமும் ஆகும். வரவே வராமலும் போகும். எனக்கு எட்டு வருஷம். இந்த நாற்காலி என் உடம்பு வாகுக்கு வளைஞ்சு போச்சு. உனக்கு வேண்டாம்டா. பயந்தவன் நீ, தாங்க மாட்டே.”

அந்த நேரம் பார்த்து அப்பாவிடமிருந்து போன்.

“வேன் சொல்லியாச்சுப்பா. பதினாலு பேரு வர்றோம். உங்க மாமா மட்டும் வரலையாம், அவன் கிடக்கிறான். ஏம்ப்பா, உள்ள அவங்க கேள்வி கேக்குறப்ப நான் எந்திரிச்சு நிக்கணுமா?”

“வேண்டாம்ப்பா. உக்காந்தே இருக்கலாம்.”

“பெரியவங்க கேக்குறப்ப உக்காந்திருந்தா மரியாதையா இருக்காதே. சரி, நீ சொன்னா சரி. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேம்ப்பா,” என்றான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

மறுநாள் காலை கிரஷர் பக்கம் போகும் முதல் பேருந்தில் ஏறினான். அங்கே சுகாதார நிலையத்தில் ஒரு களப்பணியாளர் அக்கா உண்டு. வீடு வீடாகப் போய் அந்தப் படிவங்களை நிரப்பியவர் அவர்தான். காலிக் கட்டங்களுக்குச் சாதுவான காரணம் ஏதாவது இருக்கும், வீடு பூட்டிக் கிடந்தது, மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், இப்படி ஏதாவது சொல்வார் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டே போனான். அக்கா வராந்தாவில் ஒரு குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

“இருநூத்திப் பன்னிரண்டா? நம்பர் சொன்னா எனக்கென்ன தெரியும் தம்பி? ஆளைச் சொல்லு, வீட்டைச் சொல்லு.”

“தண்ணித் தொட்டிக்கு எதுத்த வீடு. ஷெட்டுல வேலை.”

“ஓ, எந்நேரமும் விசிலடிச்சுக்கிட்டே இருப்பாரே, அவரா? அவரு போய்ச் சேந்துட்டாரே.”

“எப்ப?”

“நாம ரெண்டாந்தடவை ஊதச் சொல்லப் போனோம்ல, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி. மூச்சுத் திணறல்தான். போனவரு எப்படி ஊதுவாரு? அதான் கட்டத்தை அப்படியே விட்டுட்டேன்.”

“என்கிட்ட சொல்லலையே அக்கா.”

“நீ கேக்கலையே தம்பி. ஃபாரத்துலயும் அதுக்கு இடம் இல்ல. ஊதினாரா, எவ்வளவு ஊதினாரு, அவ்வளவுதானே அச்சடிச்சுக் குடுத்தே?”

உண்மைதான். ஆள் இறந்துவிட்டால் என்ன எழுதுவது என்று ஒரு கட்டம் அவன் போடவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் படிவத்தையும் இரண்டு தடவை படித்தவன்தான்.

“இப்ப அவருக்கு என்ன போட்டிருக்கே?” என்று அக்கா கேட்டார்.

“நோய் இல்லைன்னு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுவும் சரிதான். இனிமே அவருக்கு ஒரு நோயும் வராது.” சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, “எத்தனை பேரைத் தம்பி அப்படிப் போட்டிருக்கே?” என்றார், குரலைத் தாழ்த்தி.

கைடு மேடம் அறைக்கதவுக்கு வெளியே அன்று மாலை முக்கால் மணி நேரம் நின்றான். மூன்று பேர் உள்ளே போய் வந்தார்கள். நான்காவதாக ஒருவர் வந்தபோது, “நீங்க போங்க சார்,” என்று வழி விட்டான். அவர் வெளியே வந்ததும் இனி வழிவிட ஆள் இல்லை.

மேடம் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார், அவ்வளவுதான். அவன் மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைக் காட்டினான். சொல்ல நினைத்து மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. “மேடம், இது எல்லாக் கட்டத்துலயும் ஓடிடுச்சு மேடம்,” என்று மட்டும் வந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. வரியைப் படித்தார். மேலே தள்ளிப் படித்தார். மறுபடி கீழே வந்தார்.

“எத்தனை பேர்?”

“அறுபத்திரண்டு. ஷெட்டுல நாப்பத்தெட்டு, வெளியில பதினாலு.”

“நாப்பத்தெட்டா?” மேடத்தின் கை கழுத்துக்குப் போனது. “யார்கிட்ட சொல்லியிருக்கே?”

மூடி மறைக்கச் சொல்லப்போகிறாரோ? அப்படிச் சொன்னால் தலையாட்டிவிடுவோம் என்றும் உடனே தெரிந்துபோனது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

“ரூம்ல ஒருத்தருக்குத் தெரியும். ஃபீல்டு அக்காவுக்குத் தெரியும்.”

“இந்த வரியை நானும் படிச்சேன். ரெண்டு வருஷம் முன்னாடி நீ அனுப்பினப்போ. நல்லா எழுதியிருக்கேன்னு பதில் போட்டேன்.” மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “சுருக்கத்துல கையெழுத்துப் போட்டதும் நான்தான்.”

தொலைபேசியை எடுத்தார். எண்ணை அழுத்தும்போது விரல் தவறிற்று; வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். இவருக்கும் பயமா என்று அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். “ஆமாம் சார், நான் அனுப்பின கணக்கேதான். அதுல தப்பு இருக்கு. இல்லைங்க, சின்னத் தப்புன்னு சொல்ல முடியாது. நான் மறுபடி எழுதித் தர்ற வரைக்கும் அதை வச்சு முடிவெடுக்காதீங்க. எவ்வளவு நாளா? தெரியலைங்க.” எதிர்முனையில் யாரோ நெடுநேரம் பேசினார்கள். மேடம், “ம்” என்றும் “எழுதிக்குங்க” என்றும் சொன்னார். நெற்றியில் வியர்த்திருந்தது.

வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். “வைவா கிடையாது. எப்பன்னு என்கிட்ட கேக்காதே, எனக்கே தெரியாது. அறுபத்திரண்டு பேரையும் தேடிக் கண்டுபிடி. உயிரோட இருந்தா ஊதச் சொல்லு. இல்லைன்னா எதுனால போனாங்கன்னு வீட்ல கேட்டு எழுது.” சற்று நிறுத்தி, “நீ வந்து சொன்னது...” என்று ஆரம்பித்தவர் முடிக்காமல், “போ,” என்றார்.

அப்பாவைக் கூப்பிட்டான்.

“பெயிலாப்பா?” என்றார் அவர் எடுத்த எடுப்பில்.

“பெயில் இல்லப்பா. நான் எழுதினதுல தப்பு. நானே போய்ச் சொன்னேன்.”

“நீ சொல்லாட்டி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுப்பா.”

அந்தப் பக்கம் பட்டறையில் ஏதோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

“வேன்காரனுக்கு நான் இப்ப என்னன்னு சொல்றது?” என்றார் அப்பா. பிறகு வைத்துவிட்டார். பன்னிரண்டு நாள் அவர் பேசவில்லை. அம்மாதான் பேசினாள், அதுவும் சாப்பாட்டைப் பற்றி மட்டும்.

அறுபத்திரண்டு பேரைத் தேட ஏழு வாரம் ஆயிற்று. அக்கா தன் வேலை முடிந்து கூட வருவார். சிலர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். பேருந்து மாறி மாறிப் போனார்கள். ‘உங்களை நோய் இல்லாதவர்னு எழுதியிருந்தேன்’ என்று எவரிடமும் சொல்லவில்லை, சொல்லச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் அதைக் கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது. ஒரு வீட்டில் கட்டிலில் சாய்ந்து கிடந்தவர் கருவியைப் பார்த்துவிட்டு, “இதை ஊத முடிஞ்சா நான் ஏன் இங்க கிடக்கேன்?” என்று இருமினார். இன்னொரு வீட்டில் ஒரு பெண், “அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்குக் கேக்குறீங்க?” என்றாள். “கணக்குல விட்டுப்போச்சும்மா,” என்று அக்காதான் சொன்னார்.

ஐம்பத்தேழு பேர் கிடைத்தார்கள். ஐந்து பேரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அந்த ஐந்து கட்டங்களையும் காலியாகவே விட்டான்.

கணக்கு போடும் நாள் வந்தது. அக்காவும் படிவங்களைக் கொடுக்கத் துறைக்கே வந்து, ஆராய்ச்சி மாணவர் அறைக்கு வெளியே பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு முடியாமல் இறந்தவர்களையும் நோயாளிகளாகவே சேர்த்து எல்லாம் உள்ளே ஏற்றியாகிவிட்டது. ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு அவன் அழுத்தாமல் இருந்தான்.

விடை மாறவில்லை என்றால்? பத்தும் ஒன்பதுமாகப் பழையபடியே வந்தால்? வைவா போனது, பதினாலு பேர் வேன் போனது, அப்பாவின் பேச்சு போனது, எல்லாம் வெறும் தண்டம். மாற வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஷெட்டுப் பக்கம் எண் ஏற வேண்டும், நன்றாக ஏற வேண்டும். அப்போதுதான் அவன் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்கே உறைத்தது. நோயாளிகள் அதிகமாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறான். கட்டிலில் கிடந்த அந்த ஆளைப் போல இன்னும் நாலு பேர். இந்த ஐந்து வருஷத்தில் எத்தனையோ பயம் பார்த்தவன்தான். தன்னைப் பார்த்தே பயந்தது அன்றைக்குத்தான்.

அழுத்தினான்.

ஷெட்டில் முந்நூற்று ஆறு பேரில் அறுபத்தொன்பது. வெளியில் முந்நூற்று இருபத்தொன்பது பேரில் முப்பத்து மூன்று. நூற்றுக்கு இருபத்திரண்டு, நூற்றுக்குப் பத்து. இரண்டு மடங்குக்கும் மேல்.

நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி லேசானது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். இனி தீசிஸ் நிற்கும், பட்டம் வரும், போன ஐந்து வருஷத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கும். அடுத்த மூச்சில் உடம்பெல்லாம் கூசியது. நிரந்தரம் தன் நாற்காலியிலிருந்து, “என்னடா ஆச்சு?” என்றார். அவன் தாளில் அச்செடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “கணக்கு வந்துருச்சா?”

“வந்துருச்சுக்கா.”

“நல்லதா, கெட்டதா?”

எதைச் சொன்னாலும் பாதி பொய்யாகும். தாளை நீட்டினான். அக்கா கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, விரலால் வரிசையைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“இருபத்திரண்டுன்னா ஷெட்டா?”

“ஷெட்டுதான்.”

“அப்ப இன்னிக்குக் காலையில உள்ள போயிருக்காங்களே, அவங்க?”

மணி பதினொன்று. கிரஷரில் முதல் வேலைமுறை ஓடிக்கொண்டிருக்கும் நேரம். அவன் தாளை வாங்கிக்கொண்டு மேடத்தின் அறைப் பக்கம் ஓடினான். படிவங்கள் இருந்த பீரோவைப் பூட்டாமல் வந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் திரும்பவில்லை. மேடத்தின் கதவுக்கு முன் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

“கொஞ்சம் வழி விடுங்க சார்,” என்றான்.